தைராய்டு ஆபரேஷன்னு சொல்லிட்டாங்களா? தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணும்

தைராய்டு கட்டியை எடுத்துடலாம்னு டாக்டர் சொன்ன உடனே நிறைய பேர் வீட்டுக்கு வந்து முதல்ல தேடுறது, தழும்பு இல்லாம பண்றது எது, ரோபோ நல்லதா, வாய் வழியா பண்றாங்களாமே அது என்னன்னுதான். தப்புன்னு சொல்ல மாட்டேன், கழுத்துல தழும்பு யாருக்குத்தான் பிடிக்கும். ஆனா நான் ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸா பதினாலு வருஷமா நிக்கிறேன், கழுத்து கேஸ் நிறைய பார்த்தாச்சு, அதுல எனக்குப் புரிஞ்சது, எந்த வழியா உள்ள போறாங்கங்குறது நாலாவது கேள்வி. அதுக்கு முன்னாடி மூணு கேள்வி இருக்கு. ஆபரேஷன் வேணுமா, வேணும்னா எவ்வளவு எடுக்கணும், யாரு பண்றாங்க. இந்த வரிசை மாறினா நல்ல டெக்னிக் கூட உங்களுக்கு உதவாம போயிடும், அதனால நானும் அதே வரிசையில எழுதுறேன்.

முதல்ல, வேணுமா.

கழுத்துல ஸ்கேன் எடுத்தா கட்டி இல்லாதவங்களைத் தேடணும், அவ்வளவு சாதாரணம், அதுலயும் பெரும்பாலானது கேன்சர் கிடையாது. ஸ்கேன்ல கட்டி எப்படித் தெரியுது, எவ்வளவு பெருசு, இதை வெச்சு ஊசி டெஸ்ட் வேணுமான்னு முடிவு பண்ணுவாங்க. ஊசி டெஸ்ட் ரிப்போர்ட்ல பெதஸ்டான்னு போட்டு 1ல இருந்து 6 வரைக்கும் ஒரு நம்பர் இருக்கும், அந்த நம்பரை முதல்ல பாருங்க. 2ன்னா சாதாரணக் கட்டி, 6ன்னா கேன்சர், 1ன்னா எடுத்த செல்லு பத்தல, திரும்ப எடுக்கணும். 3, 4தான் குழப்பமான இடம், அங்க திரும்ப ஊசி டெஸ்ட் எடுக்கலாம், வசதி இருக்குற இடத்துல ஜீன் டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம், இல்ல கட்டி இருக்குற பக்கத்துத் தைராய்டை மட்டும் எடுத்து பயாப்சிக்கு அனுப்பலாம். 3ன்னு வந்த ரிப்போர்ட்டை வெச்சுக்கிட்டு முழு தைராய்டையும் எடுத்துடலாம்னு யாராவது சொன்னா காரணம் என்னன்னு நிதானமா கேளுங்க, காரணம் இருக்கலாம், ஆனா அதை உங்ககிட்ட சொல்லணும்ல.

கேன்சர்னு வந்தாலும் உடனே ஆபரேஷன்னு இல்லைங்குறதுதான் கடந்த முப்பது வருஷத்துல நடந்த பெரிய மாற்றம்னு நான் நினைக்கிறேன். ஜப்பான்ல கோபே நகரத்துல இருக்குற குமா ஆஸ்பத்திரியில 1993ல இருந்தே, 1 செ.மீ.க்கு உள்ள இருக்குற பாப்பிலரி கேன்சரை (தைராய்டுல அதிகமா வர்ற ரகம் இதுதான்) எடுக்காம ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே வர்றாங்க. 2014ல 1,235 பேரோட கணக்கை வெளியிட்டாங்க, பத்து வருஷத்துல கட்டி இருந்த அளவை விட 3 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ வளர்ந்தது 8 சதவீதம் பேருக்கு, கழுத்து நெறிக்கட்டிக்குப் போனது 4 சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. அப்படி வளர்ந்தவங்களுக்கு அப்புறமா ஆபரேஷன் பண்ணாங்க, லேட் ஆனதால மோசமாகலை. ஆனா எல்லாருக்கும் பொருந்தாது, கட்டி மூச்சுக்குழாயை ஒட்டி இருந்தாலோ குரல் நரம்பு போற பக்கமா இருந்தாலோ நெறிக்கட்டி ஏற்கனவே இருந்தாலோ பார்த்துக்கிட்டு இருக்கக் கூடாது.

கேன்சர் இல்லாத கட்டி, ஆனா பெருசாகி முழுங்கும்போது தொந்தரவு பண்ணுது, பாக்கவும் ஒரு மாதிரி இருக்குன்னா, ரேடியோ அலை வெச்சு சூடு பண்ணிக் கட்டியைச் சுருக்குற முறை இருக்கு, ஆர்எஃப்ஏன்னு சொல்லுவாங்க. கொரியா டாக்டர்கள்தான் இதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தாங்க. முழு மயக்கம் வேணாம், கழுத்துல மரத்துப்போற ஊசி போட்டுட்டு, நடுக்கழுத்து வழியா மெல்லிய ஊசியை ஸ்கேன் பார்த்துக்கிட்டே கட்டிக்குள்ள விடுவாங்க, ஆழத்துல ஆரம்பிச்சு மேல வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி நகர்த்தி சுடுவாங்க, நரம்பு பக்கத்துல சூடு போகாம இருக்க நடுவுல குளிர்ந்த திரவத்தை ஊசியில ஏத்தி ஒரு இடைவெளி உண்டாக்குவாங்க. நடுநடுவுல உங்களைப் பேசச் சொல்லுவாங்க, குரல் மாறுதான்னு பாக்கத்தான். ஒரு வருஷத்துல கட்டி பாதிக்கு மேல சுருங்குறது வழக்கம். ரெண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, கட்டியை வெளிய எடுக்காததால பயாப்சி கிடையாது, அதனால சாதாரணக் கட்டிதான்னு வழக்கமா ரெண்டு தடவை ஊசி டெஸ்ட்ல உறுதி பண்ணிட்டுத்தான் செய்யணும். அப்புறம், ரொம்பப் பெரிய கட்டின்னா சில வருஷம் கழிச்சு ஓரத்துல திரும்ப வளரலாம், இன்னொரு தடவை பண்ண வேண்டி வரும்.

சரி, ஆபரேஷன் வேணும்னு முடிவாயிடுச்சு. எவ்வளவு எடுக்கணும்?

இங்க ஒரு பழைய கதை சொல்லணும். 19ஆம் நூற்றாண்டு நடுவுல தைராய்டு ஆபரேஷன்னாலே சாவுதான்னு நினைச்ச காலம், ரத்தத்தை நிறுத்தவே முடியாது. சுவிட்சர்லாந்துல பெர்ன் நகரத்துல தியோடர் கோக்கர்னு ஒரு சர்ஜன், ஒவ்வொரு ரத்தக்குழாயையும் பொறுமையா பிடிச்சுக் கட்டி, 5,000க்கும் மேல தைராய்டு ஆபரேஷன் பண்ணி, சாவை 1 சதவீதத்துக்கும் கீழ கொண்டுவந்துட்டாரு, 1909ல நோபல் பரிசும் கிடைச்சுது. ஆனா அவரே தன்னோட பழைய நோயாளிகளைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தப்போ, முழுசா எடுத்தவங்க நிறைய பேரு முகம் ஊதி, மந்தமாகி, வேலை செய்ய முடியாம கிடந்தாங்க. 1883ல அதை மறைக்காம எல்லாருக்கும் முன்னாடி சொன்னாரு, இனிமே தேவையில்லாம முழுசா எடுக்க மாட்டேன்னும் சொன்னாரு. எனக்கு அவரோட கத்தியை விட இந்த நேர்மைதான் பெருசாத் தெரியுது.

இப்ப நமக்கு தைராய்டு சுரக்குறதுக்குப் பதிலா சாப்பிட மாத்திரை இருக்கு, ஆனாலும் அந்தக் கேள்வி அப்படியேதான் இருக்கு. முன்னாடி 1 செ.மீ.க்கு மேல கேன்சர்னாலே முழுசா எடுத்துடுவாங்க. 2015ல அமெரிக்கன் தைராய்டு அசோசியேஷன் வழிமுறையை மாத்துனாங்க, 1ல இருந்து 4 செ.மீ. வரைக்கும், வெளிய பரவாத, நெறிக்கட்டி இல்லாத கேன்சர்னா ஒரு பக்கம் மட்டும் எடுத்தாலே போதுமா இருக்கலாம்னு. பாதி மட்டும் எடுத்தா என்ன லாபம்னா, ஒரு பக்க குரல் நரம்புக்குத்தான் ஆபத்து, இன்னொரு பக்கத்துல கால்சியத்தைக் கவனிச்சுக்குற பாராதைராய்டு சுரப்பி ரெண்டும் தொடாம இருக்கும், அதனால நிரந்தரமா கால்சியம் குறையுற பிரச்சனை கிட்டத்தட்ட வராது. தைராய்டு மாத்திரை கூட வேணாமா இருக்கலாம், அஞ்சுல ஒருத்தருக்காவது வேண்டி வரும்னு எதிர்பார்த்துக்கோங்க. நஷ்டம் என்னன்னா, பயாப்சியில முரட்டு ரகம்னு வந்தா மீதிப் பாதியையும் எடுக்க இன்னொரு தடவை போகணும். 4 செ.மீ.க்கு மேல, ரெண்டு பக்கமும் இருக்கு, பரவியிருக்கு, அயோடின் கதிர் மருந்து குடுக்கப் போறாங்க, இல்ல தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்குற கிரேவ்ஸ் வியாதிக்காக எடுக்குறாங்கன்னா பொதுவா முழுசாத்தான். பாதியா முழுசாங்குறதை ஆபரேஷன் டேபிள்ல படுத்ததுக்கு அப்புறம் முடிவு பண்ற மாதிரி விட்டுடாதீங்க, கையெழுத்துப் போடுற பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டுப் போடுங்க.

மூணாவது, யாரு பண்றாங்க. இதுலதான் நான் கொஞ்ச நேரம் நிப்பேன்.

வருஷத்துக்கு எத்தனை தைராய்டு பண்றீங்கன்னு சர்ஜன்கிட்ட நேரா கேளுங்க. கூச்சமே வேணாம், நல்ல சர்ஜன் யாரும் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க. 2017ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, வருஷத்துக்கு 25 முழு தைராய்டு ஆபரேஷனுக்கு மேல பண்றவங்ககிட்ட சிக்கல் குறைவா இருந்துச்சு. அடுத்த கேள்வி, உங்க கையில எத்தனை பேருக்கு நிரந்தரமா குரல் போயிருக்கு, எத்தனை பேரு ஆயுசு முழுக்க கால்சியம் மாத்திரை சாப்பிடுறாங்க. எனக்கு அப்படி நடந்ததே இல்லைன்னு சொல்றவரை விட, நூத்துக்கு ஒன்னு ரெண்டு ஆகும், ஆனா இப்படிப் பார்த்துக்குறேன்னு கணக்கோட சொல்றவரைத்தான் நான் நம்புவேன்.

குரல் நரம்பு விஷயத்துக்கு வருவோம். தைராய்டுக்குப் பின்னாடி ஒவ்வொரு பக்கமும் ஒரு நரம்பு, வெள்ளை நூல் மாதிரி, ரெண்டு மில்லிமீட்டர் இருந்தா அதிகம். கழுத்துல இருந்து நெஞ்சுக்குள்ள இறங்கி, இடது பக்கம் பெருந்தமனியைச் சுத்தி, வலது பக்கம் தோளுக்குப் போற தமனியைச் சுத்தி, திரும்ப மேல ஏறி குரல்வளைக்கு வரும். நூத்துக்கு ஒருத்தருக்கு, அதுவும் வலது பக்கத்துலதான், இந்தச் சுத்து இல்லாம நேரா குறுக்க வந்துடும், அனுபவம் இல்லாத கை அதை ரத்தக்குழாய்னு நினைச்சு வெட்டிடும் அபாயம் இருக்கு. இப்ப நரம்பு மானிட்டர்னு ஒன்னு பல தியேட்டர்ல இருக்கு. மயக்கம் குடுத்து மூச்சு விட வாய் வழியா ஒரு ட்யூப் போடும்போதே அந்த ட்யூப் மேல மெல்லிய உலோகப் பட்டை இருக்கும், அது சரியா குரல் நாண் ரெண்டும் தொடுற இடத்துல உக்காரணும், ஒரு செ.மீ. மேல கீழ நகர்ந்தா சிக்னல் கிடைக்காது. அதனாலதான் கழுத்தைப் பின்னாடி சாய்ச்சதுக்கு அப்புறம் இன்னொரு தடவை அதைச் சரிபார்ப்போம். சர்ஜன் ஒரு சின்னக் கம்பியால நரம்பைத் தொட்டு 1 மில்லிஆம்பியர் கரண்ட் குடுத்தா குரல் தசை துடிக்கும், மானிட்டர்ல டக் டக் டக்னு சத்தம் வரும்.

அந்தச் சத்தத்துக்காக நாங்க காத்திருக்குற நேரம் ஒன்னு இருக்கு. முதல் பக்கத்தை எடுத்து முடிச்சு, ரத்தக்கசிவு எல்லாம் நின்னதுக்கு அப்புறம், சர்ஜன் திரும்ப வேகஸ்ங்குற பெரிய நரம்புல, அதாவது குரல் நரம்பு கிளை பிரியுற தாய் நரம்புல, கம்பியை வைப்பாரு. தியேட்டர்ல யாரும் பேச மாட்டோம். டக் டக்னு வந்தா அடுத்த பக்கம் போகலாம். ஒரு தடவை வரல. ட்யூப் நகர்ந்துச்சான்னு பார்த்தோம், தசை தளர்ற மருந்து ஏதாவது போச்சான்னு பார்த்தோம், எதிர்ப்பக்க நரம்பைத் தொட்டா சத்தம் நல்லா வருது, இந்தப் பக்கம்தான் இல்ல. சர்ஜன் கம்பியைக் கீழ வெச்சுட்டு, இன்னைக்கு இவ்வளவுதான், மூடிடலாம்னாரு. ரெண்டு பக்கமும் எடுக்க வந்த கேஸ், பாதியோட நிறுத்திட்டாரு. ஏன்னா ரெண்டு நரம்பும் ஒரே நாள்ல அடிபட்டா குரல் நாண் ரெண்டும் நடுவுல வந்து நின்னு மூச்சே அடைச்சுடும், கழுத்துல ஓட்டை போட வேண்டி வரும். அந்த அம்மாவுக்கு மூணு மாசத்துல குரல் திரும்ப வந்துச்சு, அதுக்கப்புறம்தான் மறுபக்கம் எடுத்தாங்க. மானிட்டர் இருந்தாலே நரம்பு பத்திரம்னு சொல்லிட முடியாது, அது கண்ணையும் கையையும் தாண்டி எதையும் காப்பாத்தாது, ஆனா எப்ப நிறுத்தணும்னு சொல்லும். அதனால நீங்க கேக்க வேண்டியது மானிட்டர் இருக்கான்னு மட்டும் இல்ல, முதல் பக்கம் சிக்னல் போனா என்ன பண்ணுவீங்கன்னும்தான்.

மேல் பக்கத்துல இன்னொரு சின்ன நரம்பு இருக்கு, உச்ச ஸ்தாயி பாடவும் சத்தமா கூப்பிடவும் அதுதான் வேணும். பாட்டுப் பாடுறவங்க, டீச்சர், ஃபோன்ல பேசியே பிழைக்கிறவங்க இதை முன்கூட்டியே சொல்லிடணும். எல்லாருமே ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை கேமரா வெச்சு குரல் நாணைப் பாக்கச் சொல்லிக் கேளுங்க, முன்னாடியே ஒரு பக்கம் அசையாம இருந்தா திட்டமே மாறும்.

அப்புறம் பாராதைராய்டு. பொதுவா நாலு இருக்கும், ஒவ்வொன்னும் ஒரு பருப்பு அளவு, கொழுப்போட கொழுப்பா ஒட்டிக்கிட்டு கண்ணுக்கே தெரியாது. இங்க வந்திருக்குற புது விஷயம் எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். அகச்சிவப்புக்குக் கிட்ட இருக்குற 785 நானோமீட்டர் ஒளியை அடிச்சா பாராதைராய்டு தானா மின்னும், எந்த மருந்தும் ஏத்த வேணாம். அமெரிக்காவுல வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சாங்க, 2018ல மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி குடுக்குற அந்த நாட்டு அமைப்பு எஃப்டிஏ, ரெண்டு கருவிக்கு அனுமதி குடுத்துச்சு. தியேட்டர் விளக்கை அணைச்சுட்டு ஸ்கிரீனைப் பார்த்தா, எல்லாம் சாம்பலா இருக்குற இடத்துல ஒரு புள்ளி மட்டும் வெள்ளையா எரியும். ஒரு தடவை, எடுத்து டிரேல வெச்ச தைராய்டு மேலேயே அந்தப் புள்ளி எரிஞ்சதைப் பார்த்தேன், தெரியாம கூடவே வந்துடுச்சு. உடனே அதைப் பிரிச்சு, ஒரு மில்லிமீட்டர் துண்டா நறுக்கி, கழுத்துத் தசைக்குள்ள ஒரு சின்னப் பை மாதிரி பண்ணி வெச்சுத் தெச்சாங்க, அங்கேயே ரத்தம் பிடிச்சு வேலை செய்யும். ஆனா மின்னுறதால அது உயிரோட இருக்குன்னு அர்த்தம் இல்ல, ரத்த ஓட்டம் இருக்கான்னு பாக்க ஐசிஜின்னு ஒரு பச்சைச் சாயத்தை ரத்தக்குழாய்ல ஏத்திப் பாப்பாங்க. இந்தக் கருவி எல்லா இடத்துலயும் இருக்காது, இல்லைன்னாலும் தேர்ந்த கண்ணு போதும், இருந்தா நல்லது.

ரத்தக்குழாயை அடைக்க இப்ப நூல் கட்டுறது குறைஞ்சு, அல்ட்ராசவுண்ட் அதிர்வுல வெட்டுற ஹார்மானிக், கரண்ட் சூட்டுல ஒட்ட வைக்கிற லிகாஷ்யூர் மாதிரி கருவிங்க வந்துடுச்சு, நேரம் மிச்சம். இதைப் பத்தி நீங்க கவலைப்பட வேணாம், அது சர்ஜன் கைப்பழக்கம்.

இப்ப நாலாவது கேள்வி, எந்த வழியா.

சாதாரண முறையில முன்கழுத்து மடிப்புல 4ல இருந்து 6 செ.மீ. வெட்டு. எல்லா வகைக் கட்டிக்கும் பொருந்துறது இது ஒன்னுதான். நல்லா தெச்சா ஒரு வருஷத்துல மடிப்போட மடிப்பா போயிடும் நிறைய பேருக்கு. ஆனா தழும்பு தடிச்சு வளர்ற உடம்பு சிலருக்கு இருக்கு, உங்களுக்குப் பழைய தழும்பு ஏதாவது அப்படி வளர்ந்திருந்தா மற்ற வழிகளைப் பத்தி யோசிக்க அது நியாயமான காரணம். இத்தாலியில பீசா நகரத்துல மிக்கோலி குழு, சின்ன கட்டிக்கு ரெண்டு செ.மீ. அளவுக்கு வெட்டி கேமரா உதவியோட எடுக்குற முறையைக் கொண்டுவந்தாங்க. தென்கொரியாவுல 2007ல இருந்து அக்குள் வழியா ரோபோ வெச்சு பண்றாங்க, அக்குள்ளயும் மார்பு ஓரத்துலயும் நாலு சின்ன வெட்டு போட்டு பண்ற முறையும் அங்கதான் வந்துச்சு. கழுத்துல ஒன்னும் தெரியாது, ஆனா அக்குள்ல இருந்து கழுத்து வரைக்கும் தோலுக்கு அடியில ஒரு சுரங்கம் மாதிரி பிரிச்சுக்கிட்டே வரணும், நேரம் அதிகம், நெஞ்சுப் பக்கம் கொஞ்ச நாள் மரத்துப் போன மாதிரி இருக்கும், கையைத் தூக்கி வெச்சிருக்குறதால அபூர்வமா கை நரம்பு இழுபடலாம். சின்ன வெட்டுன்னு சொல்லி இதை விக்கிறாங்க, அது சரியில்ல, தூரத்து வெட்டு, உள்ள நடக்குற வேலை கூடுதல்.

வாய் வழியா பண்றது தாய்லாந்துல அங்கூன் அனுவாங்ங்குற சர்ஜன் 2016ல 60 பேரோட அனுபவத்தை வெளியிட்டதுக்கு அப்புறம் வேகமா பரவுச்சு. கீழ் உதட்டுக்கு உள்பக்கம் மூணு சின்ன ஓட்டை, தாடை எலும்புக்கு முன்னாடி, தோலுக்கு அடியில கேமரா இறங்கும், இடம் உண்டாக்க கார்பன் டை ஆக்சைடு வாயு விடுவாங்க. வெளிய ஒரு தழும்பும் கிடையாது. தாடை, கீழ் உதடு கொஞ்ச வாரம் மரத்துப் போகலாம், வாய்க் கிருமி உள்ள போகாம ஆன்டிபயாடிக் வேணும், வாயு ரத்தக்குழாய்க்குள்ள போற ஆபத்து அபூர்வமா உண்டு. பெரிய கட்டி, நெறிக்கட்டி பரவுன கேன்சர், முன்னாடி கழுத்துல ஆபரேஷனோ கதிர் சிகிச்சையோ ஆனவங்களுக்கு இது வேணாம். என் கருத்து என்னன்னா, கட்டி சின்னது, தழும்பு உங்களுக்கு உண்மையிலேயே முக்கியம், சர்ஜன் இந்த வழியில நிறைய பண்ணவர், இந்த மூணும் சேர்ந்தா தாராளமா பண்ணிக்கோங்க. இதுல மூணாவது இல்லைன்னா சாதாரண வெட்டே நல்லது. திறந்து பண்றதுல 300 கேஸ் அனுபவம் உள்ளவர் வாய் வழியில 3 கேஸ்தான் பண்ணியிருக்கலாம், ரெண்டையும் தனித்தனியா கேளுங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி செய்ய வேண்டியது ரொம்ப இல்ல. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா எப்ப நிறுத்தணும்னு கேட்டு வாங்குங்க, நீங்களா நிறுத்தாதீங்க. முடிக்கும் நகத்துக்கும்னு பயோட்டின் சாப்பிடுறவங்க தைராய்டு ரத்த டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி நிறுத்தணும், ரிசல்ட்டையே தப்பா காட்டிடும். வைட்டமின் டி குறைவா இருந்தா முன்னாடியே சரி பண்ணிட்டா அப்புறம் கால்சியம் ரொம்ப இறங்காது. தைராய்டு அதிகமா சுரக்குறவங்களுக்கு மருந்து குடுத்து அளவை இறக்கிட்டுத்தான் டேபிளுக்குக் கொண்டுபோகணும், சில சமயம் கடைசி ஒரு வாரம் பத்து நாள் அயோடின் சொட்டும் குடுப்பாங்க, இதுல அவசரப்படவே கூடாது.

முடிஞ்ச அன்னைக்கு ராத்திரிதான் கூட இருக்குறவங்க முழிச்சிருக்க வேண்டியது. கழுத்து உள்ள ரத்தம் கசிஞ்சு கட்டிக்கிறது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்ளதான் வரும். கழுத்து ஒரு பக்கம் வீங்கிக்கிட்டே போகுது, இறுக்குதுன்னு சொல்றாங்க, படுக்க முடியாம எந்திரிச்சு உக்காருறாங்க, குரல் மாறுது, மூச்சு விட ஒரு சத்தம் வருதுன்னா காலையில பாக்கலாம்னு விடாதீங்க, நர்ஸைக் கூப்பிடுங்க, வரலைன்னா சத்தம் போடுங்க. அங்கேயே கட்டிலிலேயே தையலைப் பிரிச்சு ரத்தத்தை வெளிய விடுற அளவுக்கு அவசரம் அது. வீட்டுக்குப் போனதுக்கு அப்புறம் வந்தாலும் உடனே ஆம்புலன்ஸ்தான்.

முழுசா எடுத்தவங்களுக்கு ரெண்டாவது மூணாவது நாள்ல விரல் நுனி, உதட்டைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருந்தா கால்சியம் இறங்குதுன்னு அர்த்தம். கை பிடிச்சுக்கிட்டு மடங்குற வரைக்கும் காத்திருக்காதீங்க. ஆபரேஷன் முடிஞ்ச சில மணி நேரத்துலயோ மறுநாள் காலையிலயோ பிடிஹெச்னு, அதாவது பாராதைராய்டு சுரக்குற ஹார்மோன் எவ்வளவு இருக்குன்னு, ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தா யாருக்கு இறங்கும்னு முன்னாடியே தெரியும், எடுத்தாங்களான்னு கேளுங்க.

தைராய்டுக்குப் பதிலா சாப்பிடுற தைராக்சின் மாத்திரை வெறும் வயித்துல, சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாடி, தண்ணியோட மட்டும். கால்சியம் மாத்திரையும் எழுதியிருந்தா ரெண்டுக்கும் நடுவுல 4 மணி நேரம் விடணும், இதை டிஸ்சார்ஜ் பேப்பர்ல எழுதாம விட்டுட்டு, ரெண்டையும் சேர்த்து முழுங்கி டிஎஸ்ஹெச் (மாத்திரை பத்தலைன்னா ரத்தத்துல ஏறுற அளவு) ஏறி வந்தவங்களை நிறைய பார்த்திருக்கேன். டோஸ் சரியான்னு பாக்க 6ல இருந்து 8 வாரம் கழிச்சு டெஸ்ட், அதுக்கு முன்னாடி எடுத்தா சரியான அளவு தெரியாது, அந்த மருந்து உடம்புல பாதியாகுறதுக்கே ஒரு வாரம் ஆகும். தழும்புக்கு சிலிக்கான் ஜெல், வெயில் படாம மூடி வெச்சுக்கோங்க. கரகரப்பு ரெண்டு மூணு வாரத்துக்கு மேல போச்சுன்னா கேமரா வெச்சுக் குரல் நாணைப் பார்த்துடுங்க, சீக்கிரம் பார்த்தா குரல் பயிற்சியும் சீக்கிரம் ஆரம்பிக்கலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆபரேஷன் நோட்டையும் பயாப்சி ரிப்போர்ட்டையும் காப்பி கேட்டு வாங்கிடுங்க, எத்தனை பாராதைராய்டு பார்த்தாங்க, நரம்பு சிக்னல் கடைசியில வந்துச்சா, இது ரெண்டும் அதுல இருக்கணும், பின்னாடி எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல கேக்குறது அதைத்தான்.